விண்டேஜ் ப்ரீஆம்ப், ஈக்யூ: எது பழசாக இருக்க வேண்டும், எது புதுசாக இருக்க வேண்டும்

மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பும், ஒலியின் ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவும் சேர்ந்த பழைய ரெக்கார்டிங் கருவி நீவ் 1073. விற்பனைக்கு வந்திருக்கும் அப்படி ஒரு மாட்யூலின் விளம்பரத்தில் "முழுக்க ஒரிஜினல், உள்ளே கை வைத்ததே இல்லை" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கும். அந்த வரியைப் பார்த்ததுமே பலருக்குக் கை பரபரக்கும். நிதானிக்க வேண்டிய இடமே அதுதான். 1970களின் தொடக்கத்தில் செய்த பெட்டிக்குள் இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்றால், அதிலிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் ஐம்பது வயதை ஒட்டியவை. உள்ளே இருக்கும் திரவம் காயக் காய வேலையை விட்டுக்கொண்டே போகும் பாகம் அது. செய்ய வேண்டிய சர்வீஸ் இன்னும் பாக்கி இருக்கிறது, அந்தச் செலவு வாங்குபவர் தலையில் விழப்போகிறது என்பதுதான் அந்த விளம்பரத்தின் பொருள்.

பழைய ஸ்டூடியோ கருவி எதுவானாலும் அதற்குள் இரண்டு வகைப் பாகங்கள் உண்டு. தேய்வதற்கென்றே இருப்பவை ஒரு வகை: எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், டான்டலம் கெப்பாசிட்டர், வால்வு (வெற்றிடக் குழாய்), கன்ட்ரோலுக்குள் இருக்கும் கார்பன் பட்டை. இவற்றை மாற்றினால் கருவியின் மதிப்பு குறையாது. ஒழுங்காக மாற்றியிருந்தால் கூடும். இன்னொரு வகை, போனால் அதே மாதிரி திரும்பக் கிடைக்காதவை: ட்ரான்ஸ்ஃபார்மர், இண்டக்டர் (கம்பிச் சுருள்), அந்தக் காலத்துச் சர்க்யூட் கார்டுகள், பல அடுக்கு சுழல் சுவிட்ச், முகப்புத் தகடு. விண்டேஜ் விலை என்று கொடுப்பதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்குத்தான். இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் சந்தையில் நடக்கும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விற்பவரும் எதைப் பெருமையாகச் சொல்ல வேண்டும், எதை மறைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வார்.

கன்சோலிலிருந்து கழன்றவை

ரூபர்ட் நீவ் 1961-இல் இங்கிலாந்தில் தன் கம்பெனியைத் தொடங்கினார். 1970-இல் லண்டன் வெசெக்ஸ் ஸ்டூடியோவுக்காக ஏ88 என்ற கன்சோலை (பல மைக்குகளின் ஒலியை ஒன்றாகக் கலக்கும் பெரிய மேசை) செய்தபோது, அதற்கென்று வடிவமைத்த சேனல் மாட்யூல்தான் 1073. மைக் ப்ரீஆம்ப், மூன்று பேண்ட் (ஸ்தாயிப் பகுதி) ஈக்யூ, அடி ஸ்தாயியை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் எல்லாம் ஒரே கேசட்டுக்குள். ஒரு சேனல் பழுதானால் அந்தக் கேசட்டை மட்டும் உருவிவிட்டு, வேறொன்றைச் செருகி ரெக்கார்டிங்கைத் தொடரலாம். ரிப்பேர் வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடுதான் பின்னால் ஒரு சந்தையையே உண்டாக்கியது. உருவ முடிகிற பொருளைத் தனியாக விற்கவும் முடியுமல்லவா?

1970களின் பிற்பகுதியில் சாலிட் ஸ்டேட் லாஜிக்கின் 4000 வரிசை கன்சோல்கள் வந்தன. சேனலுக்குச் சேனல் ஒலியின் ஏற்றத்தாழ்வை அடக்கும் கம்ப்ரசர், மிக்ஸை நினைவில் வைத்துக்கொள்ளக் கம்ப்யூட்டர் என்று அவை தந்த வசதிக்கு முன்னால் பழைய நீவ் கன்சோல்கள் காலாவதியானவையாகத் தெரிந்தன. ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக அவற்றைக் கழற்றி வெளியே வைத்தன. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தக் கன்சோல்களிலிருந்து மாட்யூல்களை எடுத்து, பவர் சப்ளையும் மைக் வயர் செருகும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டும் சேர்த்து, இரண்டிரண்டாக ரேக்கில் பொருத்தி விற்கும் தொழில் அப்படித்தான் வளர்ந்தது. அமெரிக்காவில் ப்ரென்ட் அவெரில் போன்றவர்கள் இதையே முழுநேரத் தொழிலாகச் செய்தார்கள். பின்னாலேயே கம்ப்யூட்டர் ரெக்கார்டிங் வந்தது. தனி ஆள் ஸ்டூடியோவுக்கு ஐம்பது சேனல் கன்சோல் எதற்கு? ஒரு குரல், ஒரு கிடார், ஒரு ஜோடி மைக். நல்ல சேனல் இரண்டு இருந்தால் போதும். டிஜிட்டல் கன்வெர்ட்டர் துல்லியமாக இருக்க இருக்க, அதற்கு முன்னால் ட்ரான்ஸ்ஃபார்மர் தரும் கனத்தைத் தேடுபவர்களும் கூடினார்கள். தூக்கிப் போட்ட பொருளுக்கு விலை ஏறிய கதை இதுதான்.

இதில் எனக்கு வருத்தமும் உண்டு. முழுக் கன்சோலாக விற்பதைவிட மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து விற்றால் கூடுதல் காசு என்ற கணக்கில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ கன்சோல்கள் துண்டாகிவிட்டன. சேனல்களை ஒன்றுசேர்க்கும் பகுதி, ரூட்டிங், அந்தக் கன்சோலுக்கென்றே வரைந்த சர்க்யூட் படங்கள் எல்லாம் அதோடு போயின. விதிவிலக்குகள் குறைவு. லாஸ் ஏஞ்சலஸின் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில் 1973 முதல் இருந்த நீவ் 8028 கன்சோலை 2011-இல் ராக் இசைக்கலைஞர் டேவ் க்ரோல் முழுசாக வாங்கித் தன் ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார். அப்படி ஒருவர் வராத இடங்களில், மாட்யூலாவது பிழைத்ததே என்று ஆறுதல்பட வேண்டியதுதான்.

கன்சோல் பிரிந்ததால் வாங்குபவருக்கு ஒரு நேரடி விளைவு உண்டு. இன்று கைக்கு வரும் பெட்டி, நீவ் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்ததல்ல. மாட்யூல் தொழிற்சாலையுடையது, அதைச் சுற்றியிருக்கும் பவர் சப்ளை, வயரிங், பாண்டம் பவர் (கண்டென்சர் மைக்குக்கு வயர் வழியே போகும் மின்சாரம்) எல்லாம் ரேக் செய்தவருடையவை. ஹம் (மின்சார ரீங்காரம்) வருகிறதென்றால் பழி பெரும்பாலும் ரேக்கின் எர்த் வயரிங்கில்தான் இருக்கும், மாட்யூலில் இருக்காது. யார் ரேக் செய்தது, எந்த ஆண்டு என்பது மாட்யூலின் சீரியல் எண்ணுக்கு நிகரான தகவல்.

மூடியைத் திறந்தால்

1073-ஐ முன்னால் வைத்துப் பார்ப்போம். சாம்பல் கலந்த நீல முகப்பு. சிவப்புக் குமிழ் கெய்னுக்கு, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதற்கு. 5 டெசிபல் படிகளாகத் தட்டித் தட்டி நகரும், மைக் உள்ளீட்டில் 80 டெசிபல் வரை போகும். மேல் பேண்ட் 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும் ஷெல்ஃப் (உச்ச ஸ்தாயி முழுவதையும் சேர்த்து ஏற்றி இறக்குவது). நடுப் பேண்டில் 360 ஹெர்ட்ஸ் முதல் 7.2 கிலோஹெர்ட்ஸ் வரை ஆறு நிலைகள். கீழ் பேண்டில் 35, 60, 110, 220. ஃபில்டர் 50, 80, 160, 300. ஒவ்வொரு நிலையும் சுவிட்சில் ஒரு தொடுபுள்ளி என்பதை மறக்கக் கூடாது; பிற்பாடு சோதிக்கும்போது இது முக்கியம்.

பக்கத் தகட்டைக் கழற்றினால் மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர் தெரியும்: மைக் உள்ளீட்டுக்கு 10468, லைன் உள்ளீட்டுக்கு 31267, வெளியீட்டுக்கு எல்ஓ1166. விலையின் பெரும்பங்கு இந்த மூன்றில்தான் இருக்கிறது. கடைசி ஆம்ப் கார்டான பிஏ283-இல் உலோகத் தொப்பி போட்ட 2என்3055 ட்ரான்சிஸ்டர் ஒன்று தனியாளாகக் க்ளாஸ் ஏ முறையில் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிறது. இதனால் அந்தச் சுருளின் வழியே எப்போதும் நேர்மின்னோட்டம் போய்க்கொண்டிருக்கும். அதைத் தாங்குவதற்காக எல்ஓ1166-இன் இரும்பு நடுவில் சிறு இடைவெளி விட்டுக் கட்டியிருப்பார்கள். சாதாரண ட்ரான்ஸ்ஃபார்மரை அந்த இடத்தில் மாட்டினால் இரும்பு முன்பே நிறைந்துபோய், கீழ் ஸ்தாயி கலங்கிவிடும். "வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றியிருக்கிறது" என்று யாராவது சொன்னால், எதை மாட்டியிருக்கிறார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும்.

நீவுக்கு அந்தக் காலத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் சப்ளை செய்தவர்களில் மேரினேர், செயின்ட் ஐவ்ஸ் என்ற இரண்டு பெயர்கள் சந்தையில் அடிக்கடி அடிபடும். இரண்டுமே அசல்தான். மேரினேர் லேபிளுக்குச் சந்தை கூடுதல் விலை போடுகிறது. அந்த லேபிளுக்காக மட்டும் பெரிய வித்தியாசம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இன்று கார்ன்ஹில் அதே வேலைக்கான ட்ரான்ஸ்ஃபார்மர்களைத் தயாரிக்கிறது, அவை நன்றாகவே ஒலிக்கும். ஆனால் கார்ன்ஹில் மாட்டிய மாட்யூலை மேரினேர் விலைக்கு விற்றால் அது மோசடி. லேபிள்களையும் அச்சிட்டு ஒட்டுகிறார்கள் என்பதால் லேபிளைவிட அதைச் சுற்றியிருப்பதைக் கவனிக்க வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மர் கால்களில் இருக்கும் சால்டர் பக்கத்துப் புள்ளிகளைப் போலவே மங்கியிருக்கிறதா, அங்கே மட்டும் பளபளப்பாகப் புது ஈயம் இருக்கிறதா? வயரின் நிறமும் தடிமனும் மற்ற வயர்களோடு ஒத்துப்போகிறதா? திருகு ஒருமுறை கழன்று மாட்டிய தழும்பு இருக்கிறதா? இந்த மூன்றும் பொய் சொல்வது கடினம்.

டான்டலம் கெப்பாசிட்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் மெதுவாகத் தளரும். பேஸ் குறையும், ஹம் கூடும், நாம் உணர அவகாசம் தரும். டான்டலம் ஒருநாள் திடீரென்று ஷார்ட் ஆகும். 24 வோல்ட் சப்ளையைத் தரையோடு இழுத்துக்கொண்டுபோய், அந்த ரேக்கில் கூடவே இருக்கும் மற்ற மாட்யூலையும் நிறுத்திவிடும். பழைய மாட்யூலை வாங்கியதும் முதல் சர்வீஸில் இவற்றை மாற்றிவிடுவது நல்லது.

மற்ற குடும்பங்கள்

நீவ் என்றாலே 1073 என்பதில்லை. 1272 என்பது கன்சோலுக்குள் லைன் ஆம்பாக உழைத்த சின்ன மாட்யூல். அதிலும் அதே 10468 உள்ளீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர், அதே பிஏ283 கார்டு, அதே எல்ஓ1166. கெய்ன் சுவிட்சும் பாண்டம் பவரும் சேர்த்தால் மைக் ப்ரீஆம்ப் ஆகிவிடும். ஈக்யூ இல்லாமல் அந்த ஒலி வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் நேர்மையான வழி. ஆனால் இது மாற்றியமைத்த பொருள். யார், எப்படி மாற்றினார்கள் என்பதே அதன் தரம். நான்கு பேண்ட் 1081-இன் வெளியீட்டு அமைப்பு 1073-இன் க்ளாஸ் ஏ அல்ல. அதனால் அது தாழ்ந்தது என்று பேசுபவர்கள் அதைச் சரியாகப் பயன்படுத்திப் பார்க்காதவர்கள் என்றுதான் சொல்வேன். கம்பெனியை விட்டு 1975-இல் விலகிய ரூபர்ட் நீவ், பின்னர் பீட்டில்ஸ் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டூடியோ கன்சோலுக்காகச் செய்த ஃபோகஸ்ரைட் ஐஎஸ்ஏ 110 இன்னொரு கிளை.

அமெரிக்கப் பக்கம் ஏபிஐ கம்பெனி. சால் வாக்கர் வடிவமைத்த 2520 என்ற ஆப்-ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் சின்ன சர்க்யூட்) அதன் உயிர். அதைப் பிசின் ஊற்றி மூடிச் சின்னக் கட்டியாக்கிவிட்டார்கள். பழுதானால் உள்ளே போக வழியில்லை, முழுசாக மாற்ற வேண்டியதுதான். சாக்கெட்டில் செருகும் பொருள் என்பதால் பத்து நொடியில் கழற்றி மாட்டலாம். அதனாலேயே பழைய 312 ப்ரீஆம்ப் கார்டிலோ 550ஏ ஈக்யூவிலோ பழைய 2520 தான் இருக்கிறது என்பதற்குப் புகைப்படம் இல்லாமல் நம்பக் கூடாது. உள்ளே வேறு தயாரிப்பு ஆப்-ஆம்ப் இருந்தாலும் கருவி நன்றாகவே பாடலாம். விலைதான் வேறு. ஏபிஐ ஈக்யூவில் எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவுக்கு வளைவு குறுகும். கொஞ்சம் ஏற்றினால் அகலமாக, நிறைய ஏற்றினால் கூர்மையாக. ஜோடியாக வாங்கும்போது இரண்டிலும் இந்த வளைவு ஒன்றுபோல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் வி72 வேறொரு உலகம். வானொலி நிலையங்களுக்காக 1950களில் வகுத்த தரத்தின்படி டெலிஃபுங்கன், சீமென்ஸ், டாப், மைஹாக் என்று பல கம்பெனிகள் செய்த வால்வு ஆம்ப். பிரிட்டிஷ் ரெக்கார்ட் கம்பெனி இஎம்ஐயின் ரெட்.37 கன்சோலில் இருந்தது இதன் வி72எஸ் வடிவம். வி72-இன் கெய்ன் 34 டெசிபலில் நிலையானது, வி72எஸ்ஸுக்கு 40. குறைக்கவோ கூட்டவோ குமிழ் கிடையாது. மெல்லிய குரலுக்கு, சிக்னல் குறைவாகத் தரும் ரிப்பன் மைக் வைத்தால் போதாது. ட்ரம் முன்னால் கண்டென்சர் மைக் வைத்தால், இடையில் சிக்னலைக் குறைக்கும் பேட் இல்லாவிட்டால் நிரம்பி வழியும். இது தெரியாமல் வாங்கி ஏமாந்தவர்கள் பலர். அதிலிருக்கும் இஎஃப்804எஸ் வால்வுக்கும் தனி விலை உண்டு. வால்வு இல்லாத வி72 மலிவாகத் தெரிந்தால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஈக்யூவில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் பல்டெக். நியூ ஜெர்சியின் டீனெக் ஊரில் யூஜின் ஷெங்க், ஆலி சம்மர்லண்ட் இருவரும் நடத்திய பல்ஸ் டெக்னிக்ஸ் கம்பெனியின் இக்யூபி-1 1951-இல் வந்தது. இக்யூபி-1ஏ அதன் அடுத்த வடிவம். ஈக்யூ வேலையைச் செய்வது சுருளும் கெப்பாசிட்டரும் ரெசிஸ்டரும் மட்டுமே. அதில் ஏறத்தாழ 16 டெசிபல் இழப்பு. அந்த இழப்பை ஈடுகட்டுவதற்குத்தான் வால்வு ஆம்ப். கீழ் ஸ்தாயியில் ஏற்றும் குமிழையும் இறக்கும் குமிழையும் ஒரே நேரத்தில் திருப்பலாம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடாது. வளைவுகள் சரியாக ஒன்றின்மேல் ஒன்று படாததால், அடியில் ஏற்றமும் அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் விழும். கிக் ட்ரம்முக்கும் பேஸ் கிடாருக்கும் இதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. பல்டெக்கில் பழசாக இருக்க வேண்டியவை இண்டக்டரும் ட்ரான்ஸ்ஃபார்மர்களும். வால்வுகளும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களும் புதிதாக இருந்தால் சந்தோஷப்படலாம்.

மேசையில் சோதிப்பது

காதால் மட்டும் சோதிப்பவர்கள் பழைய கருவி என்ற மயக்கத்தில் குறையையும் குணமாகக் கேட்டுவிடுவார்கள். தேய்ந்த கெப்பாசிட்டரால் மங்கிய ஒலியை "வெதுவெதுப்பு" என்று புகழ்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். கம்ப்யூட்டரோடு இணைக்கும் நல்ல ஆடியோ இண்டர்ஃபேஸும் அளக்கும் மென்பொருளும் இருந்தால் முக்கால்வாசிச் சோதனையை வீட்டு மேசையிலேயே செய்துவிடலாம்.

முதலில் கெய்ன். 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் குறைந்த அளவில் உள்ளே அனுப்பி, கெய்ன் சுவிட்சை ஒவ்வொரு படியாக நகர்த்த வேண்டும். படிக்குப் படி 5 டெசிபல் ஏற வேண்டும். ஒரு படியில் மட்டும் 3 அல்லது 8 வந்தால் சுவிட்சின் அந்தத் தொடுபுள்ளியிலோ அதற்குரிய ரெசிஸ்டரிலோ கோளாறு. படி மாறும்போது ஒலி அறுந்து வருவது அழுக்காக இருக்கலாம். க்ளீனர் தெளித்து இருபது முறை திருப்பினால் போய்விடும். குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வந்து, சுத்தம் செய்தும் போகவில்லை என்றால் வேறு சங்கதி. முன்னாலுள்ள கெப்பாசிட்டர் கசிந்து, நேர்மின்னழுத்தம் கன்ட்ரோல்மேல் ஏறியிருக்கிறது. கன்ட்ரோலை மாற்றிப் பயனில்லை, கெப்பாசிட்டரைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்து இரைச்சல். உள்ளீட்டைத் திறந்து வைத்து அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை. மைக்குக்குப் பதிலாக 150 ஓம் ரெசிஸ்டரை உள்ளீட்டில் வைத்து, கெய்னை 60 டெசிபலில் நிறுத்தி அளக்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் தானாகவே எழுப்பும் இரைச்சல், 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, ஏறத்தாழ மைனஸ் 131 டிபியூ (சிக்னல் மின்னழுத்தத்தின் டெசிபல் அளவு). எந்த ஆம்பும் இதற்குக் கீழே போக முடியாது. 1073-க்குத் தயாரிப்பாளர் சொல்லும் உள்ளீட்டு இரைச்சல் மைனஸ் 125 டிபியூவுக்கும் கீழே. அதாவது 60 டெசிபல் கெய்னில் வெளியீட்டில் மைனஸ் 65 டிபியூவைத் தாண்டக் கூடாது. பழைய மாட்யூலில் ஒன்றிரண்டு டெசிபல் கூடினால் மன்னிக்கலாம். ஆறு ஏழு கூடினால் ஏதோ ஒரு ட்ரான்சிஸ்டர் போகப்போகிறது. அளவைவிட இரைச்சலின் தன்மையும் முக்கியம்: சீரான "ஸ்ஸ்" நல்லது, இடையிடையே பொரிவதும் தட்டுவதும் கெட்டது.

பிறகு 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஸ்வீப், அதாவது அடி முதல் உச்சி வரை ஒரே ஓட்டமாக ஒலி அனுப்பி அளப்பது. ஈக்யூவை அணைத்துவிட்டு ஒருமுறை. போட்டு, எல்லாக் குமிழும் நடுவில் இருக்க இன்னொருமுறை. அடிப்பக்கம் முன்பே சரிந்தால் கெப்பாசிட்டர். மேல்பக்கம் ஒரு கூம்பு எழுந்தால் பதற வேண்டாம். பழைய வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர்கள் 600 ஓம் சுமையை எதிர்பார்த்துச் செய்தவை, இன்றைய இண்டர்ஃபேஸ் 10 கிலோஓமுக்கு மேல் வைத்திருக்கும். வெளியீட்டின் குறுக்கே 600 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு மறுபடி அளந்தால் கூம்பு அடங்கும். அடங்கினால் கருவி நலம். அதன்பின் ஈக்யூவின் ஒவ்வொரு நிலையும். நடுப் பேண்டின் ஆறு நிலைகளில் ஐந்து வேலை செய்து ஒன்று மௌனமாக இருக்கும் மாட்யூல்கள் சகஜம். விற்பவர் தன் பாட்டுக்கு எப்போதும் 3.2 கிலோஹெர்ட்ஸிலேயே வைத்துப் பழகியிருந்தால், மற்றது செத்துப்போனது அவருக்கே தெரிந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. மைக் உள்ளீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரின் சுருள் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து முனைகளைத் தொடுவது பலரின் வழக்கம். மீட்டர் அனுப்பும் நேர்மின்னோட்டம் அந்தச் சின்ன இரும்பைக் காந்தமாக்கிவிடலாம். பிறகு கீழ் ஸ்தாயியில் திரிபு கூடும். கீழ் அலைவரிசை ஒலியை உரக்க அனுப்பி மெதுவாகக் குறைத்தால் காந்தம் இறங்கும் என்றாலும், அடுத்தவர் பொருளை அப்படிச் சோதிப்பது முறையல்ல. சிக்னல் அனுப்பிப் பார்த்தாலே சுருளின் நலம் தெரிந்துவிடும். இதே காரணத்துக்காகப் பிற்பாடு சேர்த்த பாண்டம் பவரையும் கவனிக்க வேண்டும். மைக் உள்ளீட்டின் இரண்டு கால்களுக்கும் போகும் 6.8 கிலோஓம் ரெசிஸ்டர்கள் துல்லியமாக ஒத்திருக்காவிட்டால், மிச்ச மின்னோட்டம் ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாகவே ஓடும்.

வால்வுக் கருவிகளில் முதல் கேள்வி உயிருக்கானது. பல்டெக்கிலும் வி72-இலும் உள்ளே இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கியிருக்கும். பழைய அமெரிக்கக் கருவிகள் பல எர்த் இல்லாத இரட்டைப் பின்னோடு வந்தவை; மூன்று பின் ப்ளக்காக மாற்றி, பெட்டியை எர்த் செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. "ஒரிஜினல் வயர் போய்விடுமே" என்று இதில் தயங்குபவர்களுக்கு நான் இணங்க மாட்டேன். நீண்ட நாள் ஓடாத கருவியை நேரே மெயின்ஸில் சொருகாமல், வேரியாக் வைத்து மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்கென்று மட்டும் செய்த பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகலாம். வோல்ட்டேஜை மட்டும் சரிசெய்துவிட்டால் போதும் என்று விட்டுவிடக் கூடாது.

விற்பவர் பக்கம்

நல்ல விலைக்கு விற்க ஒரே வழி, வாங்குபவர் கேட்கப்போவதையெல்லாம் முன்கூட்டியே காட்டிவிடுவது. முகப்பை நான்கு கோணத்தில் எடுத்த அழகான படங்களால் பயனில்லை. இரு பக்கத் தகட்டையும் கழற்றி எடுத்த படம், ட்ரான்ஸ்ஃபார்மர் லேபிள்களின் நெருக்கப் படம், கெப்பாசிட்டர்மேல் அச்சிட்ட தேதி தெரியும் படம், பின்பக்கக் கனெக்டர், சீரியல் எண், பவர் சப்ளையின் உட்புறம், இவை வேண்டும். மேலே சொன்ன கெய்ன், இரைச்சல், ஸ்வீப் அளவுகளை ஒரு தாளில் எழுதிப் படமாகப் போட்டால் பேரம் பாதியாகக் குறையும். எந்தக் கெப்பாசிட்டரை எந்த ஆண்டு யார் மாற்றினார் என்ற சர்வீஸ் பில் இருந்தால், அது "உள்ளே கை வைத்ததே இல்லை" என்பதைவிடப் பெரிய பலம்.

குறையைச் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "சிறு சத்தம் உண்டு" என்று எழுதினால் படிப்பவர் மிக மோசமானதையே கற்பனை செய்துகொள்வார். "ஹை-பாஸ் ஃபில்டரில் 160 நிலை வேலை செய்யவில்லை, மற்ற மூன்றும் சரி" என்று எழுதினால் அவர் டெக்னீஷியனிடம் கேட்டு, அதற்கான செலவை மட்டும் கழிப்பார்.

புகழ்பெற்ற கன்சோலிலிருந்து வந்தது என்ற பேச்சுக்குச் சந்தையில் தனி விலை. கன்சோலில் மாட்யூல் இருந்தபோது எடுத்த படம், சீரியல் எண்கள் அடங்கிய பழைய பட்டியல், ஸ்டூடியோ கொடுத்த விற்பனைச் சீட்டு ஆகியவற்றில் ஒன்றாவது இல்லாமல் அந்தக் கதைக்குக் காசு கேட்பதும் கொடுப்பதும் தவறு. அப்படியே உண்மையாக இருந்தாலும், புகழ்பெற்ற கன்சோலின் 17-ஆவது சேனலும் யாருக்கும் தெரியாத கன்சோலின் 17-ஆவது சேனலும் சர்வீஸ் செய்த பின் ஒரே மாதிரிதான் ஒலிக்கும்.

ஜோடிக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஸ்டீரியோ வேலைக்கு இரண்டு மாட்யூலும் ஒரே காலத்தவையாக, ஒரே ட்ரான்ஸ்ஃபார்மருடன், ஒரே நேரத்தில் சர்வீஸ் ஆனவையாக இருந்தால் கெய்னும் ஈக்யூ வளைவும் ஒட்டிப்போகும். தன்னிடம் இருக்கும் ஜோடியைப் பிரித்து விற்பவர், இரண்டு பேருக்குச் சுமாரான பொருளைக் கொடுக்கிறார். எல்லோரும் ஒரே விலை சொல்லும் இடத்தில், ஜோடியை ஜோடியாகவே விற்பவரிடம் வாங்கத்தான் நான் பரிந்துரைப்பேன்.

புதிய 1073 இன்றும் ஏஎம்எஸ் நீவ் பெயரில் தயாராகிறது. அதே சர்க்யூட்டை வைத்துப் பல கம்பெனிகள் மலிவாகவும் செய்கின்றன, அதைக் கம்ப்யூட்டரில் போலச் செய்யும் ப்ளக்-இன் மென்பொருளும் இருக்கிறது. அப்படியிருக்க, பழசை ஏன் தேட வேண்டும்? தினமும் எட்டு மணி நேரம் ஓட்டும் ஸ்டூடியோவுக்குப் புதுசுதான் அறிவாளித்தனம்: வாரண்டி இருக்கும், சேனலுக்குச் சேனல் வித்தியாசம் இருக்காது. அருகில் ஒரு நல்ல டெக்னீஷியன் இருந்து, சர்வீஸ் செலவைத் தாங்க முடிந்து, ஒரு குறிப்பிட்ட ஒலியை நன்றாகக் கேட்டுப் பழகிய காதும் இருந்தால் பழசு. டெக்னீஷியன் இல்லாத இடத்தில் விண்டேஜ் கருவி வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அனுப்பும்போது உடைவதுதான் கடைசி ஆபத்து. ட்ரான்ஸ்ஃபார்மர் கனமான பொருள். பெட்டி ஒருமுறை கீழே விழுந்தால் அது கார்டையே பிய்த்துக்கொண்டு வரும். வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று எழுதித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். குமிழ்களின் தண்டில் அடி விழாமல் முகப்புக்கு முன்னால் தடித்த ஃபோம் வைத்து, ஒரு அட்டைப் பெட்டிக்குள் இன்னொன்றாக அடுக்க வேண்டும். சர்வீஸில் கழற்றிய பழைய பாகங்கள் இருந்தால் அவற்றையும் ஒரு பையில் போட்டுச் சேர்த்து அனுப்பலாம்; எதிர்காலத்தில் வாங்குபவருக்கு எது மாறியது என்பதற்கு அதைவிடச் சான்று இல்லை. இன்ஷூரன்ஸ் உண்மையான விலைக்கே எடுக்க வேண்டும்.

பெட்டி வந்து சேர்ந்ததும் வாங்குபவர் உடனே பவர் போடக் கூடாது. அறை வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் வைத்துவிட்டு, மூடியைத் திறந்து, கார்டுகளும் வால்வுகளும் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கின்றனவா, உள்ளே ஏதாவது கழன்று ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். மெயின்ஸ் வோல்ட்டேஜ் தேர்வு சரியாக இருக்கிறதா என்பதும் அப்போதே. பிறகு விற்பவர் தாளில் எழுதிய அதே அளவுகளை அதே முறையில் அளந்து ஒப்பிட வேண்டும். இந்த ஒப்பீட்டுக்கு எத்தனை நாள் அவகாசம், அளவு ஒத்துப்போகாவிட்டால் திரும்ப அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கைமாறும் முன்பே எழுத்தில் பேசி முடித்துவிட வேண்டும்.